காணாமல் திரும்பவும் கற்றுக்கொள்வோம்

பத்துமலையின் 272 படிகளில் ஏறும்போது கையிலிருக்கும் வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடும் குரங்கை நம் எல்லாருக்கும் தெரியும். அதே குன்றின் இருட்டுக்குள் தலைகீழாகத் தொங்கும் இன்னொரு பாலூட்டியைத் தெரிந்தவர்கள் வெகு சிலர். டுரியான், பெத்தாய் மரங்களின் பூக்கள் வெயில் சாய்ந்த பிறகே தேனை அள்ளித் தருகின்றன. அந்த நேரத்தில் தேன் குடிக்க வரும் குகை வௌவாலின் முகத்திலும் மார்பிலும் மகரந்தம் அப்பிக்கொள்கிறது. அடுத்த மரத்துக்கு அது போகும்போது காய் பிடிப்பதற்கான வேலை நடந்து முடிகிறது. 1970-களில் பத்துமலை வௌவால்களின் எச்சத்தில் கிடந்த மகரந்தத்தைச் சோதித்த ஆய்வாளர்கள், குகையிலிருந்து 38 கிலோமீட்டர் தள்ளியிருந்த கடலோர அலையாத்திக் காடு வரை அவை போய்த் தேன் குடித்துத் திரும்பியதைக் கண்டறிந்தார்கள். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் அந்தக் குன்றடியில் கூடுகிறோம். டுரியான் பருவத்தில் சாலையோரக் கடைகளில் பேரம் பேசிப் பழம் வாங்குகிறோம். இரண்டையும் முடிச்சுப் போடும் உயிர் எது என்று கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் விழிப்பார்கள்.

பத்துமலையை ஒட்டிய செலாயாங் வட்டாரத்தில் வாழ்பவர்களுக்குக் காடு தொலைதூரச் சங்கதி அல்ல. ஒரு பக்கம் கெப்போங் வன ஆய்வுக் கழகம், அதன் முதுகுப்புறத்தில் புக்கிட் லாகோங் காடு. ரவாங் போகும் சாலையில் கன்சிங், டெம்ப்ளர் பூங்கா. கிழக்கே கோம்பாக் மலைகளும் கிள்ளான் கேட்ஸ் படிகப்பாறை முகடும். அந்த முகட்டின் செங்குத்துச் சரிவில் வாழ்வதாகப் பதிவான விலங்கு, மலாயில் ‘கம்பிங் குருன்’ எனப்படும் காட்டாடு. தமிழ்நாட்டின் வரையாட்டுக்குத் தூரத்து உறவு. இப்படி இருந்தும், அரிய விலங்குகளைப் பார்க்கப் பயணம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆப்பிரிக்கப் புல்வெளிதான். அத்தகைய பயணம் நமக்கு வேண்டும், அதுவும் இன்னும் பலருக்கு வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் விலங்கைப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்துப் போகிறவர், காட்டுக்கு நன்மையைவிடக் கேட்டையே கொண்டுபோகிறார். கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு, விலங்கு கண்ணில் படாத நாளும் நட்டமாகாது. இந்த இரண்டாவது வகைப் பயணியை வளர்க்க வேண்டும், அதைச் செலாயாங்கிலேயே தொடங்க வேண்டும்.

பயணம் ஏன் தேவை என்ற கேள்விக்கு, நாம் இழந்த ஒரு விலங்கே விடை சொல்கிறது. சுமத்ரா காண்டாமிருகம் ஒரு காலத்தில் சிலாங்கூர்க் காடுகளிலும் திரிந்தது. வேட்டையும் காடழிப்பும் அதைச் சிதறடித்த பிறகு, எஞ்சியவற்றைப் பிடித்துக் காப்பகங்களில் இனப்பெருக்கம் செய்ய முயன்றார்கள். உலு சிலாங்கூரின் சுங்கை டூசுன் காப்பகத்தில் 2003-ஆம் ஆண்டு சில வாரங்களுக்குள் ஐந்து காண்டாமிருகங்கள் நோய்கண்டு மடிந்தன. 2015-இல், மலேசியக் காடுகளில் இனி அது இல்லை என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சபாவில் பராமரிக்கப்பட்ட தாம் என்ற ஆண் 2019 மே மாதத்திலும், இமான் என்ற பெண் அதே ஆண்டு நவம்பரிலும் இறந்தன. அத்தோடு இந்த நாட்டில் அந்த இனத்தின் கதை முடிந்தது. பத்திரிகைகளில் இரங்கல் செய்தி வந்தது. ஒரு வாரத்தில் மறந்தோம். பெரும்பாலோர் அதன் கால்தடத்தைக்கூடப் பார்த்ததில்லை, அது எந்த மலையில் இருந்தது என்றும் அறிந்ததில்லை. அறியாத ஒன்றுக்காக எத்தனை நாள் அழ முடியும்? அடுத்த வரிசையில் மலாயாப் புலி நிற்கிறது. 2022-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி காட்டில் எஞ்சியவை 150-க்கும் குறைவு. நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காட்டில் உள்ளவற்றை ஒரு தமிழ்ப்பள்ளியின் ஐந்து வகுப்பறைகளில் அடக்கிவிடலாம்.

மனிதர்கள் காட்டில் இருப்பதே விலங்குக்குக் காவலாக மாறும் என்பதற்கு நம்மிடையே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பகாங்கில் மெராப்போவுக்கு அருகே சுங்கை யூ என்ற இடத்தில், தீபகற்பத்தின் நடுமலைத் தொடரையும் தாமான் நெகாரா காட்டையும் இணைக்கும் ஒடுங்கிய காட்டுவழி இருக்கிறது. விலங்குகள் அடியில் கடந்துபோக அங்கே சாலையை உயர்த்திப் பாலமாகக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் பாலத்தைக் கட்டினால் போதுமா? வேட்டைக்காரர்களுக்கும் அதே வழி தெரியும். ‘ஜெராட்’ என்று மலாயில் சொல்லும் சுருக்குக் கண்ணிக்குச் செலவு அதிகமில்லை. கொஞ்சம் எஃகுக் கம்பி, வளைத்துக் கட்டிய ஓர் இளமரம், மேலே தூவிய சருகு, அவ்வளவுதான். புலிக்கென்று வைத்தாலும் மானுக்கென்று வைத்தாலும் காலை வைத்த விலங்கு எதுவோ அதன் எலும்பு வரை கம்பி இறங்கும். மைகேட் என்ற புலிப் பாதுகாப்புக் கூட்டமைப்பு 2010-இல் அங்கே பொதுமக்கள் நடைப்பயணத்தைத் தொடங்கியது. வார இறுதியில் வழிகாட்டியோடு காட்டுப் பாதையில் நடந்து, தடங்களைப் படித்து, கண்ணியைக் கண்டால் இடத்தைக் குறித்து அதிகாரிகளுக்குச் சொல்வதே வேலை. ஆள் நடமாட்டம் உள்ள பாதையில் கண்ணி வைக்க வேட்டைக்காரன் தயங்குவான். புலியை ஒருமுறைகூடப் பார்க்காமல் புலிக்கு உதவிவிட்டுத் திரும்புகிறார்கள், கோலாலம்பூரின் அலுவலக ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும்.

காட்டை அறிந்தவர்களின் குரலுக்கு அரசியல் எடை உண்டு என்பதையும் சிலாங்கூர் கண்டிருக்கிறது. வட கோல லங்காட் வனக் காப்பகத்தின் ஒரு பகுதியைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கும் யோசனை 2020-இல் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டபோது, கரிமண் சதுப்பில் வளர்ந்த அந்தக் காட்டை நம்பி வாழும் தெமுவான் பூர்வகுடி மக்களும் இயற்கை அமைப்புகளும் எதிர்த்து எழுந்தார்கள். அப்படியும் 2021 மே மாதம் சுமார் 536 ஹெக்டேர் நீக்கப்பட்டது. விஷயம் வெளியே தெரிந்ததும் கிளம்பிய எதிர்ப்பில், அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அப்பகுதியை மீண்டும் காப்பகமாக்குவதாக மாநில அரசு அறிவித்தது. அங்கே தேன்கரடி இருக்கிறது, அது பழம் தின்று விதை பரப்புகிறது, சதுப்பு காய்ந்தால் தீப்பிடிக்கும், புகை கிள்ளான் வரை வரும் என்று அடுக்கிச் சொல்ல ஆட்கள் இருந்ததால்தான் அந்த வாதம் நின்றது. நாளைக்குச் செலாயாங்கின் பின்புறக் குன்றுகளுக்கும் அப்படியொரு நிலை வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அப்போது எழுந்து பேச நமக்குள் எத்தனை பேர் தேறுவார்கள்?

‘மனிதன் போகாமல் இருந்தாலே காடு பிழைக்கும், சுற்றுலா என்ற பெயரில் கூட்டத்தை ஏன் உள்ளே விடுகிறீர்கள்?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. இந்தியாவில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் 2012 ஜூலையில் இடைக்காலத் தடையே விதித்தது. ஒரு புலியைச் சுற்றி வண்டிகள் முண்டியடிக்கும் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடை நியாயமாகவே பட்டிருக்கும். ஆனால் அதே நீதிமன்றம் அக்டோபரில் விதிமுறைகளோடு தடையை விலக்கியது. அடைப்பதா திறப்பதா என்பதைவிட, எப்போது, எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம் என்ற கேள்விகளே முக்கியமானவை. மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு குட்டி போடும் பருவத்தில், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், வாயிலை மூடிவிடுகிறார்கள். சுற்றுலாப் பயணி காத்திருக்கட்டும் என்பது அங்கே எழுதப்படாத நீதி. ருவாண்டாவில் மலைக் கொரில்லாக் குடும்பம் ஒன்றை ஒரு நாளில் எட்டுப் பேருக்கு மேல் பார்க்க முடியாது, அதுவும் ஒரு மணி நேரந்தான். கட்டணம் 1,500 அமெரிக்க டாலர். அதில் ஒரு பங்கு சுற்றுப்புறக் கிராமங்களுக்குப் போகிறது. ஒரு காலத்தில் அழிவின் விளிம்பில் இருந்த அந்த இனம் இன்று உலகில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. காவலும் மருத்துவமும் சேர்ந்துதான் இதைச் சாதித்தன. அவற்றுக்குப் பணமும் அரசின் அக்கறையும் வந்து சேர்ந்த வழிகளில் பயணியும் ஒன்று.

விதி எழுதிவிட்டால் மட்டும் தீர்ந்துவிடாது, பயணியின் மனமும் மாற வேண்டும். இங்கேதான் மழைக்காட்டின் இயல்பைப் புரிந்துகொள்வது அவசியமாகிறது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் அரை மைல் தொலைவிலிருந்தே யானை தெரியும். நம் காட்டில் பத்தடி தள்ளி நிற்கும் விலங்கும் இலைக்குள் கரைந்துவிடும். சபாவின் டெராமாகோட் காட்டில் போர்னியோவின் ஐந்து வகைக் காட்டுப்பூனைகளும் வாழ்கின்றன. அளவோடு மரம் வெட்டியும் காடு காக்கப்படுவதாக 1997-இலேயே உலகத் தரச்சான்று பெற்ற இடம் அது. அங்கே போகிறவர்கள் இரவெல்லாம் திறந்த வண்டியில் குளிரில் உட்கார்ந்து, விளக்கொளியில் திருப்பி மின்னும் கண்களைத் தேடுகிறார்கள். பல இரவுகள் இப்படிக் கழிந்தும் படைச்சிறுத்தையைக் காணாமல் வீடு திரும்புகிறவர்கள் அதிகம். ‘நிச்சயம் காட்டுகிறோம்’ என்று ஒருவர் விளம்பரம் செய்தால், அங்கே ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். உணவு போட்டுப் பழக்கியிருப்பார்கள், அல்லது கூட்டையும் குட்டியையும் கலைப்பார்கள். விலங்கு நின்ற இடத்தைப் படத்தோடு சமூக ஊடகத்தில் போட்டால், அதை முதலில் குறித்துக்கொள்பவன் வேட்டைக்காரனாகவும் இருக்கலாம். வாடிக்கையாளர் உத்தரவாதம் கேட்பதை நிறுத்தினால் இந்தக் கேடுகளில் பாதி தானே அடங்கும்.

பார்க்காமலே என்ன கற்க முடியும் என்று கேட்கலாம். ஒரு கால்தடத்தை எடுத்துக்கொள்வோம். ஆற்றோர ஈர மணலில் முன்கால் பதிந்த இடத்தில் நான்கு விரல், பின்கால் பதிந்த இடத்தில் மூன்று விரல் இருந்தால் அது தாப்பிர். மலாயில் தெனுக் என்பார்கள். குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் உறவான இந்த விலங்கின் முன்பகுதி கறுப்பு, நடு உடம்பு வெள்ளை, பின்னங்கால் மறுபடி கறுப்பு. மிருகக்காட்சிசாலையில் பளிச்சென்று தெரியும் இந்த உடுப்பு, நிலவொளியும் நிழலும் திட்டுத்திட்டாக விழும் காட்டில் உருவத்தையே உடைத்து மறைத்துவிடுகிறது. தாப்பிரா, பாறையா என்று தெரியாது. அதன் குட்டி தர்ப்பூசணிப் பழம்போல வரிவரியாகப் பிறக்கும். ஈரத் தடத்தின் விளிம்பு உதிராமல் இருந்தால் இப்போதுதான் போயிருக்கிறது. தடம் சாலையை நோக்கிப் போனால் கவலைப்பட வேண்டும், ஏனென்றால் தாப்பிர் செத்துக்கிடக்கும் படங்களில் பல நெடுஞ்சாலையில் எடுத்தவை. ஒரு சாண் மணலில் இத்தனை செய்தி இருக்கிறது. இதைப் படிக்கத் தெரிந்தவர் இரவில் காட்டோரச் சாலையில் வேகத்தைத் தானாகவே குறைப்பார்.

இன்னொரு ஆட்சேபம், இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்பது. சபாவுக்கு விமானம், வழிகாட்டி, தங்குமிடம் எல்லாம் சேர்ந்தால் சாதாரணத் தொழிலாளியின் சில மாதச் சம்பளம் கரைந்துவிடும் என்பது உண்மைதான். அதனால்தான் செலாயாங்கிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். அந்திசாயும் வேளையில் காட்டோர மரங்களில் தேட வேண்டிய ஒரு விலங்கு குபுங். அடிமரத்தில் பாசி படர்ந்த பட்டைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். கழுத்திலிருந்து வால் நுனி வரை விரியும் தோலைப் பாய்போல விரித்து, மரத்துக்கு மரம் ஓசையில்லாமல் மிதந்து போகும். பறக்கும் அணில் என்று நினைப்போம், ஆனால் அது தனி வம்சம். காலையில் கோம்பாக் மலைப்பக்கம் காது கொடுத்தால், தொண்டைப் பையை ஊதிப் பெருக்கி ஆணும் பெண்ணும் சேர்ந்து கூவும் சியாமாங் என்ற வாலில்லாக் குரங்கின் குரல் பள்ளத்தாக்கைத் தாண்டி வரும். கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவாத்தியில் வெள்ளிநிற லோத்தோங் குரங்கையும் அதன் செம்பொன் நிறக் குட்டியையும் பகலிலேயே காணலாம். இதற்கெல்லாம் விமானச் சீட்டு வேண்டாம். ஒரு குடும்பம் மாதம் ஒருமுறை பேரங்காடியில் செலவழிக்கும் பணமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

‘மிருகக்காட்சிசாலை எதற்கு இருக்கிறது, அதுவும் போதாதென்றால் யூடியூப் இருக்கிறதே’ என்பது மூன்றாவது ஆட்சேபம். உலு கிள்ளானில் 1963-இல் திறக்கப்பட்ட தேசிய மிருகக்காட்சிசாலை பல தலைமுறைக் குழந்தைகளுக்கு முதல் பாடசாலையாக இருந்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கூண்டுக்குள் நிற்கும் தேன்கரடி, எந்த மரத்தில் ஏறித் தேனடையைப் பிளக்கிறது, பட்டையில் என்ன நகக்கீறல் விடுகிறது, அந்த மரத்தை வெட்டினால் யாருக்கு நட்டம் என்பதைச் சொல்லாது. திரையில் ஓடும் படமோ ஆறு மாதக் காத்திருப்பை ஆறு நிமிடமாகச் சுருக்கி, காடு என்பது இடைவிடாத பரபரப்பு என்ற பொய்யை நம்ப வைக்கிறது. அதை நம்பிக் காட்டுக்குப் போகும் பிள்ளை அரை மணி நேரத்தில் ‘இங்கே ஒன்றுமே இல்லை’ என்று கைப்பேசியை எடுக்கும். ‘ஒன்றுமே இல்லை’ என்ற அந்தச் சொல்தான் ஒரு காட்டுக்கு ஆபத்தானது. நிலத்தை அழிக்க வருகிறவர்களும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

இந்தப் பயணங்களில் பணம் யார் கைக்குப் போகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில், முன்பு களவாகக் காட்டுப்பட்டை உரித்தவர்களையும் வேட்டையில் ஈடுபட்டவர்களையும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாற்றினார்கள். கள்ளப்பாதை தெரிந்த கண்ணைவிடக் கூர்மையான காவல் ஏது? நம் நாட்டில் அந்தக் கண் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களிடம் இருக்கிறது. அவர்களைப் பெட்டி தூக்கவும் ஊதுகுழலால் அம்பெய்து காட்டவும் மட்டும் கூப்பிடும் பயணம் ஒரு வகைச் சுரண்டலே. வழியைத் தீர்மானிப்பவரும், இன்று உள்ளே போக வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் உள்ளவரும், வருமானத்தில் முதல் பங்கு பெறுபவரும் அவர்களாக இருக்க வேண்டும். பதிவுசெய்யும் முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். எத்தனை விலங்கு காட்டுவீர்கள் என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை நம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. இந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகள் ஆண்டுச் சுற்றுலாவில் ஒன்றையாவது கேளிக்கைப் பூங்காவிலிருந்து காட்டுக்கு மாற்றலாம். தடம் பார்த்து எழுதும் குறிப்பேட்டைப் பாடத்தோடு இணைக்கலாம். தாப்பிர், சியாமாங், அழுங்கு, சருகுமான் என்ற பெயர்களைப் பிள்ளைகள் தமிழில் புழங்கினால் மொழிக்கும் அது ஆதாயம். செலாயாங் நகராண்மைக் கழகம் இரவுநேர வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் உரிமமும் ஆள் எண்ணிக்கை வரம்பும் கொண்டுவர ஆவன செய்யலாம். பத்துமலையில் பல ஆண்டுகளாக மூடிக்கிடக்கும் இருட்டுக் குகையை, வௌவால்களுக்கு இடையூறில்லாத சிறு குழுக்களுக்குக் கல்விக்காகத் திறப்பது பற்றிச் சம்பந்தப்பட்டவர்கள் உட்கார்ந்து பேசலாம். படியேறும் பக்தர் கண்ணில் படும்படி, ‘இந்தக் குன்றில் வாழும் வௌவால் நீங்கள் தின்ற டுரியானுக்கு மகரந்தம் சுமந்தது’ என்று மூன்று மொழிகளில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

காணாமல் திரும்புவது வீண் என்று நினைப்பவர்கள் கெப்போங் வன ஆய்வுக் கழகத்துக்குள் ஒரு மாலை நடந்து வரலாம். 1920-களில் அந்த இடம் ஈயம் தோண்டிச் சீரழிந்த பொட்டலும் காய்கறித் தோட்டமுமாக இருந்தது. அங்கே நாற்று நட்டவர்களுக்கு, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்கு வளர்ந்த மரங்களையும், அவற்றின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் வானத்தில் வரையும் கோடுகளையும் காணக் கொடுத்துவைக்கவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது அவர்களில் எவரும் இருந்திருக்க வாய்ப்பில்லை. நட்டதைக் காண முடியாது என்று தெரிந்தே அவர்கள் நட்டார்கள். அந்த நிழலில் நடக்கிற நாம், ஒரு மாலை முழுதும் அண்ணாந்து தேடியும் குபுங் அகப்படவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. இன்னொரு மாலை மறுபடி போகலாம்.